தேர் திரும்பும் முனை

நீலசந்திராவில் பச்சையம்மாவின் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் குனிய வேண்டும், அப்புறம் இறங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் எல்லாரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்கள். வீட்டைப் பூட்டுவதற்கு அவள் தெருவில் குந்தி உட்கார வேண்டும், கொண்டி அவ்வளவு கீழே இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் ஆள் முகம் தெரியாது. செருப்பு தெரியும், ஸ்கூட்டர் சக்கரம் தெரியும், நாயின் வயிறு தெரியும். யார் போகிறார்கள் என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் வீடு பூமிக்குள் இறங்கிவிட்டது என்று நினைப்பார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“வூடு எங்கியும் போவல. வெச்ச எடத்துலயேதான் கீது. தெருதான் ஏறி ஏறி வந்து எங்க தலைமேல குந்திக்கிச்சு” என்பாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

செங்கம் பக்கத்திலிருந்து அவளும் புருஷன் அய்யாவுவும் 1991-இல் பெங்களூருக்கு வந்தார்கள். அவன் கொத்தனார், அவள் சித்தாள். ஓசூர் ரோட்டோரம் ஒரு கட்டட வேலை, அதற்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் குடித்தனம். வந்த வருஷமே டிசம்பரில் காவேரிக் கலவரம் வந்தது. தமிழ் பேசுகிற வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஆறு வயசு மகன் ரகுவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, நடந்தே நீலசந்திராவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நம் சனம் நெருக்கமாக இருக்கிறது, கூட்டத்தோடு கூட்டமாகக் கிடந்துவிடலாம் என்று யாரோ சொன்னதுதான் துணை. மௌரீனம்மா என்று ஒரு விதவை, பள்ளிக்கூட விடுதியில் சமையல் செய்கிறவள், தன் வீட்டுப் பின்பக்கம் விறகு போட்டிருந்த இடத்தை ஒழித்துக் கொடுத்தாள். கலவரம் அடங்கிய பிறகும் அவர்கள் ஓசூர் ரோட்டுக்குத் திரும்பவில்லை.

அந்தச் சந்து மேலிருந்து கீழே சரிந்து போகும். மேல் முனையில் கங்கையம்மன் கோயில். நடுவில் மௌரீனம்மா வீட்டருகே ஓர் அகலமான திருப்பம். அதற்குக் கீழே சந்து ஒடுங்கிக்கொண்டே போய்ப் பெரிய மோரியில் முட்டி நின்றுவிடும். ஊர்ச் சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாக ஓடுகிற கால்வாய்க்குத்தான் அங்கே மோரி என்று பெயர். அந்த மோரியோரத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு இடம் கிடைத்தது. மேடெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களுக்குப் பள்ளம்தான். அதில் அவளுக்கு வருத்தமில்லை. மனுஷன் இருக்கிற இடம் மேடாகும் என்று நினைத்தாள்.

அய்யாவு கைவேலைக்காரன். பகலெல்லாம் ஊரார் சுவரை எழுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சுவரை எழுப்பினான். தரையைத் தெருவுக்கு மேலே மூன்று படி உயர்த்திக் கட்டினான். “மழையா இருந்தாலும் சரி, மாமியாரா இருந்தாலும் சரி, படியேறித்தான் உள்ள வரணும்” என்று பேசிச் சிரித்தான். அவன் நெட்டை ஆள். தான் கையைத் தூக்கினாலும் இடிக்காத உயரத்தில் சிமெண்ட் ஷீட் போட்டு, நடுவில் ஒரு மின்விசிறியும் தொங்கவிட்டான். முதல் நாள் அதைச் சுழலவிட்டு, மூன்று பேரும் அடியில் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் தெரு ஏற ஆரம்பித்தது.

முதலில் அதை ஏற்றியது கார்ப்பரேஷன் இல்லை, சந்துக்காரர்கள்தான். சேற்றில் கால் வைக்க முடியவில்லை என்று அவரவர் வேலை செய்கிற இடத்திலிருந்து உடைந்த செங்கல்லையும் காரைக்கட்டியையும் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்கள். பச்சையம்மாவும்தான் கொட்டினாள். தலையில் சட்டியோடு வீடு திரும்பாத சித்தாள் அந்தச் சந்தில் யார்? அதன்மேல் கடப்பைக் கல் பதித்தார்கள். கல்லைப் பெயர்க்காமலே கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட்டின்மேல் தார். தேர்தல் வந்தால் தாரின்மேல் தார். யாரும் பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடவில்லை. தோசைக்கல்லில் வெந்த தோசையை எடுக்காமல் அதன்மேலேயே மாவை ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

இன்னொன்றும் நடந்தது. கோயிலுக்கு மேற்கே வண்ணார்கள் துணி காயப்போடுகிற பெரிய காலி இடம் ஒன்று கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் அங்கே தேங்கி, தவளை கத்தி, நாலு நாளில் மண்ணுக்குள் போய்விடும். அதில் மாடி மாடியாக ஃபிளாட்டு எழும்பியது. மென்பொருள் கம்பெனிகளில் வேலைக்கென்று மெட்ராஸிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு வீடு வேண்டுமே. பச்சையம்மாவே அங்கே ஜல்லி சுமந்தாள். நல்ல வேலை, நடந்து போகிற தூரம், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அடுத்த மழைக்குத்தான் தெரிந்தது. அங்கே தங்கிக்கொண்டிருந்த தண்ணீருக்கு இப்போது தங்க இடமில்லை. அது நேரே சந்தில் இறங்கி, ஓடிவந்து, அவள் வீட்டு வாசலில் நின்றது.

படிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் முழுகின. மூன்றாவது படியும் போனதும் அய்யாவு ஒரு முறை வீட்டுத் தரையை உயர்த்தினான். கதவை அடியில் அறுத்துக் குட்டையாக்கினான். மின்விசிறியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டான். வேலை முடிந்து எழுந்து நின்றபோது, கூரையைத் தாங்குகிற குழாய் அவன் தலைமுடியை உரசியது. பச்சையம்மா அதைப் பார்த்தாள்.

“இத்தோட சரி. இனிமே ஒரு சட்டி மண்ணு இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது. ரோட்டை அவன் எறக்கட்டும்” என்றாள்.

“யாரு எறக்குவான்?”

“ஏத்தினவன்.”

“அவன் ஏத்தத்தான் தெரிஞ்சவன், மே” என்றான் அய்யாவு.

அதற்கு மறு வருஷம் கோரமங்கலாவில் சாரத்திலிருந்து விழுந்து அவன் இடுப்பு முறிந்தது. கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நாலடி நடப்பான். தேர்தலும் தாருமாகத் தெரு அதன்பிறகும் ஏறி, உயர்த்திய தரையையும் பள்ளத்தில் விட்டது. காலையில் அவளும் இன்னொருவரும் அக்குளில் கை கொடுத்தால், நிலைப்படி ஏறி வாசலில் வெயிலுக்கு உட்காருவான். போகிறவர் வருகிறவரோடு பேசுவான். அந்த ஒரு வேளைதான் அவனுக்கு ஊர், உலகம் எல்லாம். தெரு இன்னும் ஒரு சாண் ஏறினால் அந்த ஏற்றம் அவனால் ஆகாது. தரையை உயர்த்தினாலோ, அவன் கட்டிய வீட்டில் அவனால் நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டில் எதையும் விடுவதில்லை என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

மகன் ரகு வளர்ந்து பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை வருவான்.

“வந்துடும்மா எங்கூட. எதுக்கு இந்தக் குழில கெடக்குறீங்க?”

“உன் ரூமு எத்தினாவது மாடி?”

“மூணாவது.”

“உங்கப்பனைக் கயிறு கட்டித் தூக்குவியா?”

அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவான். கொஞ்ச நேரம் கழித்து, “அங்கயும் தண்ணி லாரிலதான் வருது” என்று தானாகவே சொல்லிவிடுவான்.

2005-ஆம் வருஷம் சித்திரையில் சந்துக்கு மறுபடியும் தார் போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பச்சையம்மா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். ஏறினாள் என்பதுதான் சரி. எல்லா வீடும் அவள் வீட்டைவிட மேலேதான் இருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடச் சொல்லுங்கள், எல்லாரும் சேர்ந்து சொன்னால் கேட்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள்.

கோயில் கமிட்டிக்குச் செயலாளர் சந்திரன். ஆட்டோ ஓட்டுகிறவன், திருப்பத்துக்கு மேலே வீடு. பழைய வீட்டை இடித்து, இடுப்பளவு மேடை போட்டு, அதன்மேல் மாடி வைத்துக் கட்டியிருந்தான்.

“அக்கா, உன் ஒரு வூட்டுக்காவ தெருவே குண்டும் குழியுமா கெடக்கணுமா? சுரண்டுறேன்னு ஆரம்பிச்சான்னா ஆறு மாசம் அப்படியே போட்டுட்டுப் பூடுவான். வூட்டைத் தூக்கிக் கட்டு. நாங்கல்லாம் தூக்கல?”

“தூக்கி இடுப்புல வெச்சிக்க வூடு இன்னா கொழந்தையா? நீ தூக்கின, உன் வாசத் தண்ணி பக்கத்து வூட்டுக்குப் போச்சு. அவன் தூக்கினான், அது எனக்கு வந்துச்சு. நான் தூக்கினா அது எங்க போவும்?”

“மோரிக்குப் போவும்.”

“மோரி எனக்கு மேல கீது சந்திரா. வந்து குனிஞ்சு பாரு.”

அவன் சிரித்துக்கொண்டே ஆட்டோவைக் கிளப்பினான். கெட்டவன் இல்லை. அய்யாவு விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனே அவன்தான். ஆனால் அவன் வாசல் உயரமாக இருந்தது. உயரத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் என்பது வந்து போகிற விஷயம்.

சந்தில் யாரும் கேட்கவில்லை. மௌரீனம்மா மட்டும், “யூ ஆர் ரைட், பச்சை. பட் ஹூ வில் லிசன்?” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவளுக்குப் புரிவதற்காக, “உன் பக்கம் நியாயம் இருக்கு, காதுதான் இல்ல” என்று தமிழிலும் சொன்னாள். தார் லாரி அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஆடி வந்துவிட்டது.

ஆடியில் கங்கையம்மனுக்குத் தேர். பெரிய தேரில்லை, நாலு இரும்புச் சக்கரத்தின்மேல் மூங்கில் கட்டி, சாமந்திப்பூவும் சீரியல் விளக்கும் சுற்றி, உச்சியில் பித்தளைக் கலசம் வைத்த தேர். கோயிலிலிருந்து இறங்கி மௌரீனம்மா வீட்டு முனையில் திரும்பி, பக்கத்துத் தெரு வழியாக மேலே போய்விடும். கீழ்ச் சந்து ஒடுக்கம், தேர் நுழையாது. கீழே இருப்பவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு முனைக்கு ஏறிவந்து கற்பூரம் காட்டிவிட்டுப் போவார்கள். அது ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம், யாரும் குறையாக நினைத்ததில்லை.

தேருக்கு முன்னால் ஒருவன் நீளமான கவைக்கோலால் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். நெட்டையாக இருந்ததால் அது வெகுகாலம் அய்யாவுவின் வேலையாக இருந்தது. அவன் விழுந்த பிறகு சந்திரன் எடுத்துக்கொண்டான். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. தெரு ஏற ஏறத் தேர்தான் கம்பியை நெருங்கிக்கொண்டே போனது. அந்த ஆடியில் முனைக்குச் சற்று முன்னால் கவைக்கோல் வழுக்கியது. கம்பி கலசத்தில் உரசிப் பட்டென்று நீலமாக வெடித்தது. உச்சிப் பூவெல்லாம் கருகி, விளக்கு அணைந்து, தேர் நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையில் தட்டோடு முனையில் நின்ற பச்சையம்மாவின் பக்கத்தில் ஒரு கிழவி அருள் வந்து, அம்மன் கோபமாக இருக்கிறாள் என்று ஆடினாள்.

பச்சையம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கோயிலில் கமிட்டி கூடியபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். கம்பியை உயர்த்தச் சொல்லலாம் என்றார்கள், அதற்கு மின்சாரக்காரர்கள் அசைய மாட்டார்கள் என்றார்கள். கடைசியில் ஒருவர், அடுத்த வருஷம் தேரில் ஓர் அடுக்கைக் குறைத்துவிடலாம் என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

பச்சையம்மா எழுந்தாள். “அம்மனையே குட்டையாக்கப் பாக்குறீங்களா?”

தலையாட்டியவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“எங்க வூட்டுக் கதவை அறுத்தேன், நான் மனுஷி, பொறுத்துக்கினேன். அம்மன் தேரை அறுப்பீங்களா? இப்பவும் கம்பி ஒசரத்துலதான் கீது. தெருதான் தூக்கிக்கிச்சு. இன்னொரு தார் போட்டான்னா அடுத்த ஆடிக்கு நீங்க தேரைப் படுக்க வெச்சுத்தான் இழுக்கணும்.”

தன் வீட்டைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமென்றேதான் பேசவில்லை. சித்திரையில் வீட்டைச் சொல்லி முகத்தில் கரி பூசிக்கொண்டது போதும், இந்த முறை தேரைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தாள். அது வேலை செய்தது. சந்திரனே எழுந்து, “அக்கா சொல்றது கரெக்ட்” என்றான்.

மறு வாரம் கார்ப்பரேஷனிலிருந்து வேலை மேற்பார்வை பார்க்கிற கிருஷ்ணப்பாவை அழைத்துவந்தார்கள். தொப்பியும் தொப்பையுமாக, சிரித்த முகம். கருகிய கலசத்தைக் காட்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

“ஏனம்மா, உங்க ஊரு தேரா?”

“நம்ம ஊரு தேரு சார். கங்கையம்மன், உங்களுக்கு கங்கம்மா. தேரு போற ரோட்டைச் சுரண்டிட்டுப் போடுங்க. தேரு போவணும். எங்களுக்கு வேற ஒண்ணும் வாணாம்.”

“ஆய்த்தம்மா, மாடோணா, செஞ்சுடலாம். அம்மன் விஷயத்துல நான் ஆட்டம் ஆடமாட்டேன். தேர் போற ரோடு முழுக்கச் சுரண்டிடறேன்.”

பச்சையம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குப் பானை நிறைய மோர் கரைத்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள். “இன்னா மே, ரோடு இன்னும் எறங்கல, மோரு எறங்கிடுச்சு” என்று அய்யாவு கேலி செய்தான். “நீ பாத்துக்கினே இரு. ஐப்பசிக்குள்ள உன்னை யாரு கையும் புடிக்காம வாசல்ல குந்த வெக்கிறேன்” என்றாள்.

புரட்டாசியில் வேலை தொடங்கியது. வேலைக்கு வந்தவர்கள் ராய்ச்சூர்ப் பக்கத்து ஆட்கள். நீல பிளாஸ்டிக் கூடாரத்தைக் கோயிலுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். காலில் கோணித் துணி சுற்றிய பெண்கள், மரத்தில் தூளி, தூளியில் பிள்ளை. அந்தத் தூளியைப் பார்த்ததும் பச்சையம்மா வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதிலொரு பெண், மூக்குத்தி போட்டவள், ஊர்க் கன்னடத்தில் எதையோ சொல்லிச் சிரித்தாள். இவளுக்குப் பாதி புரிந்தது. ஊரில் மழையில்லை என்பது புரிந்த பாதி.

மெஷின் கோயில் வாசலிலிருந்து தாரை வறட்டி வறட்டியாகப் பெயர்த்துக்கொண்டே இறங்கியது. சந்திரன் வீட்டைத் தாண்டியது. மௌரீனம்மா வீட்டு முனைக்கு வந்தது. நின்றது. அணைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு நிறுத்துகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். மெஷினை லாரியில் ஏற்றிய பிறகுதான் ஓடினாள்.

“சார், கீழ இன்னும் சுரண்டலியே.”

கிருஷ்ணப்பா குடைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார். “கீழ எதுக்கம்மா? தேர் இங்கதானே திரும்புது?”

“எங்க வூடு கீழ கீது சார்.”

“நீங்கதானே சொன்னீங்க, தேர் போற ரோடு, வேற ஒண்ணும் வேணாம்னு. ஆர்டர் அப்படியே வாங்கிட்டேன். முனை வரைக்கும்தான் ஆர்டர்.”

அவள் சந்திரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். “கீழ்ச் சந்துக்குத் தார் போடலேன்னா உனக்கு நல்லதுதானக்கா, இனிமே ஏறாது” என்றான் மெல்ல.

“ஏறாதுதான். ஏறினது எறங்கலியே.”

கிருஷ்ணப்பா நல்ல மனுஷராகவே பேசினார். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார், மனசில் வைத்திருக்கிறேன் என்றார், போய்விட்டார். அவள் தன் மேலேயே எரிச்சலாக நின்றாள். இத்தனை வருஷம் தட்டை எடுத்துக்கொண்டு முனைக்கு ஏறி ஏறிப் போனவளுக்கு, தேர் எங்கே திரும்பும் என்பது தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெயர்த்த தாரை எங்கேயாவது கொட்ட வேண்டுமே. லாரி வருகிற வரைக்கும் ஓரமாக இருக்கட்டும் என்று, வண்டி அதிகம் போகாத கீழ்ச் சந்தில், மோரிக்கரையில் கொட்டினார்கள். பச்சையம்மா வாசலுக்கு வந்தபோது, அந்த மூக்குத்திக்காரி தலைச் சட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“பேடா, பேடா, இங்க வாணாம்” என்று பச்சையம்மா கையை ஆட்டினாள்.

அவள் கொட்டிவிட்டு, மேலே நின்ற மேஸ்திரியைக் கண்ணால் காட்டினாள். வெறும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு அடுத்த நடைக்குப் போனாள். பச்சையம்மாவால் அவளைத் திட்ட முடியவில்லை. சொன்ன இடத்தில் கொட்டுவதுதான் சித்தாள் வேலை. மேஸ்திரியைத் திட்டினாள், காது கிழியத் திட்டினாள். அவன் லாரி நாளைக்கு வரும் என்றான். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் வரட்டும் என்றான். அப்புறம் அவனே வரவில்லை.

மேலே புதுத்தார் பளபளவென்று இறங்கி வந்து முனையில் நின்றது. கீழே, மோரிக்கும் அவள் வாசலுக்கும் நடுவில், கருப்புக் குவியல் நின்றது.

ஐப்பசியில் அந்த வருஷம் பெய்த மழையைப் பெங்களூரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மத்தியானம் பிடித்த மழை. ஃபிளாட்டுகளின் மாடிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர், வழவழவென்ற புதுத்தாரில் எங்கேயும் தங்காமல் சறுக்கி வந்தது. முன்பெல்லாம் வாசலில் கொஞ்சம் நின்றாலும் மெல்ல மோரிக்குப் போய்ச் சேரும். இப்போது குவியல் அணைபோலக் குறுக்கே கிடந்தது. தண்ணீர் அதில் முட்டித் திரும்பி நிலைப்படி தாண்டி விழுந்தது. அருவி விழுகிற சத்தம். பச்சையம்மா தலையணையை வைத்து அடைத்தாள், கோணியை வைத்து அடைத்தாள். அரிசி டின்னை ஆணியில் தொங்கவிட்டாள். அய்யாவு கட்டிலில் உட்கார்ந்து கோலால் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேல ஏறு மே. நான் கெடக்கேன்.”

“கெட. கெடந்து மீன் புடி.”

மௌரீனம்மா முனையில் குடையோடு நின்று கத்தியதில் ஆட்கள் வந்தார்கள். சந்திரனும் இன்னும் மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அய்யாவுவை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். வாசலில் நாற்காலி நுழையவில்லை. அவனைக் குனியச் சொல்லி, மடக்கி, சாக்கு மூட்டையைப் போலச் சாய்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். சந்திரன் வீட்டு மாடியில் துண்டைப் போர்த்தி உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அவன் டீயைக் குடித்தான். பச்சையம்மா குடிக்கவில்லை.

தண்ணீர் வடிய இரண்டு நாளானது. மூன்றாம் நாள் காலை, அவள் புடவையைத் தூக்கிச் செருகி, சும்மாட்டைச் சுற்றி, பரணிலிருந்த இரும்புச் சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்தாள். அய்யாவுவை முதல்நாளே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலில் இருந்தபடி பார்த்தான்.

“இன்னா பண்ணப் போற?”

“அவன் எடுக்கல. நான் எடுக்குறேன்.”

“ஒரு லாரி மண்ணு மே அது.”

“லாரி லாரியா செமந்தவதான் நானு.”

குவியலில் வெட்டினாள், சட்டியை நிரப்பினாள், தலைக்கு ஏற்றினாள். முனை வரை ஏறினாள். சந்திரன் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தான்.

“எங்கக்கா கொட்டப் போற? இங்க வாணாம், தேர் போற வழி.”

“உன் தேர் வழில கொட்டமாட்டேன், பயப்படாத.”

ஃபிளாட்டு மதில் ஓரத்துக்குப் போனாள். அங்கேதான் ஒரு காலத்தில் ஜல்லி குவித்திருந்தார்கள். கேட்டில் நின்ற காவல்காரன், எங்கோ வடக்கே பிறந்த சின்ன வயசுக்காரன், “மாஜீ, இதர் நஹீ” என்று, இங்கே கூடாதென்று இந்தியில் சொல்லிக் கைகூப்பினான். பூங்கா ஓரத்துக்குப் போனாள். கம்பி வேலி போட்டுப் பூட்டியிருந்தது. மோரியின் மறுகரைக்குப் போனாள். அங்கே தூர் வாருகிறவர்கள் நின்றுகொண்டு, இதில் எதையும் கொட்டக்கூடாது, கொட்டித்தான் வெள்ளம் வந்தது என்று கன்னடத்தில் சத்தம் போட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். தோல் பதப்படுத்துகிற ஷெட் இருந்த மூலைக்குப் போனாள். அங்கே ஷெட் இல்லை, குழி தோண்டி அடுத்த ஃபிளாட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்த புதிதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் காலி இடம் இல்லாத தெருவே இல்லை. எல்லாவற்றையும் அவளும் அவளைப் போன்றவர்களும் சட்டி சட்டியாக நிரப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு சட்டி தாரை இறக்கிவைக்க, கால் கடுக்கச் சுற்றியும் இடம் அகப்படவில்லை.

கழுத்து நரம்பு இழுத்தது. திரும்பினாள். முனையில் மௌரீனம்மா, “வாட் ஹேப்பண்ட், பச்சை? நெறஞ்ச சட்டியோட வர்றே?” என்றாள்.

“ஊர்லயே பள்ளம் எங்கூடு ஒண்ணுதான்மா” என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் இறங்கினாள்.

வாசலில் குனிந்தாள். சட்டியோடு குனிவது கஷ்டம், தெரிந்த வித்தையால் முழங்காலை மடித்து நுழைந்தாள். உள்ளே நின்று, ஈரம் காயாத தரையைப் பார்த்தாள். கூரைக் குழாயைப் பார்த்தாள். அய்யாவு அவளைப் பார்த்தான்.

“கொட்டு” என்றான். “நான் இப்ப எங்க நிமிர்றேன்? தரை ஒசந்தா வாசலுக்கு நானே பூடுவேன்.”

“நிமிர்ந்தா இடிக்குமே.”

“இடிச்சா உக்காந்துக்கினே போறேன்.”

“ஆறுதல் சொல்லாத எனக்கு. ஆத்திரமா வருது.”

“ஆத்திரத்தோடயே கொட்டு.”

அவள் இன்னொரு முறை கூரைக் குழாயைப் பார்த்தாள். அப்புறம் சட்டியை மூலையில் சாய்த்தாள். கருப்புக் கட்டிகள் அவன் பூசிய தரையில் உருண்டு சுவரோரம் போய் நின்றன. குனிந்து கையால் அவற்றை ஒதுக்கினாள்.

“காலைத் தூக்கி மேல வை. கட்டிலுக்கு அடியிலயும் ரொப்பணும்” என்றாள்.

அவன் இடது காலைத் தானே தூக்கி, வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தான். அவள் வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு, அரசாங்கத்தையும் மேஸ்திரியையும் கிருஷ்ணப்பாவையும் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, அடுத்த நடைக்குக் குனிந்து வெளியே ஏறினாள்.